மஞ்சள் கறை பட்ட கையெழுத்து

அடி சிநேகிதி, இன்று காலை பள்ளி பீரோவைச் சுத்தம் செய்யும்போது பழைய தீர்மான நோட்டு கையில் சிக்கியது. என் கையெழுத்துக்குப் பக்கத்தில் அந்த மஞ்சள் கறை இன்னும் இருக்கிறது. நீ இருந்திருந்தால் ஊரைக் கூட்டிக் காட்டிச் சிரித்திருப்பாய்.

அப்போதெல்லாம் பெற்றோர் குழுக் கூட்டம் என்றால் குழுவில் இருந்த நாம் பள்ளிக்குப் போவதில்லை, நோட்டுதான் வீடு வீடாக வரும். பள்ளியில் சமைக்கிற அக்கா அதைத் தூக்கிக்கொண்டு நம் நீலசந்திரா பேட்டையின் சந்துகளில் அலைவார். மசாலா அரைத்த கையோடு, நோட்டைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். எழுதியிருந்ததோ கன்னடம். எனக்குப் பஸ் போர்டுகூடப் படிக்க வராது.

அடுத்தது உன் வீடு. கன்னடப் பள்ளியில் படித்தவள் நீ. கால் மணி நேரத்தில் நோட்டோடு என் வாசலில் நின்றாய்.

"நீ எதுல கையெழுத்துப் போட்டிருக்கேன்னு தெரியுமாடி? தமிழ் செக்‌ஷன மூடறதுக்கு நாம எல்லாரும் ஒத்துக்கிட்டோமாம்!"

மூடியிருந்தால் என் மகள் படிப்பு அன்றோடு நின்றிருக்கும். எனக்கு அழுகை வந்தது, உனக்குக் கோபம் வந்தது. நேராக ஹெட்மாஸ்டரிடம் போனாய். உன் முதுகுக்குப் பின்னால் நான்.

"நடக்காத கூட்டத்துக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன் சார். கூட்டம் போடுங்க. ஸ்கூல் கேட்டத் தொறந்து வெச்சுப் போடுங்க."

"கமிட்டி மெம்பருங்க மட்டும்தாம்மா வரணும்."

"மூடப்போறது எல்லார் புள்ளைங்க கிளாஸயும்தானே சார்?"

சனிக்கிழமை கூட்டம் போட்டார், பள்ளி மைதானம் நிறைந்தது. தீர்மானத்தைத் தமிழில் சொன்னாய். பிறகு என் இடுப்பில் ஒரு குத்து விட்டாய். எழுந்து, "படிக்காம போட்டுட்டேன் சார், அத அடிச்சிடுங்க" என்றேன். என் பின்னால் ஒவ்வொருவராக எழுந்தார்கள். தீர்மானத்தின் குறுக்கே கோடு விழுந்தது. என் மகள் அங்கேயே படித்து முடித்தாள்.

நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகிறது. சின்னவன் அங்கே படிப்பதால் குழுவுக்கு இப்போது நான்தான் தலைவி. கன்னடம் எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன், சிரிக்காதே.

இன்று மாலை கூட்டம் இருந்தது. புதிதாகச் சேர்ந்த ஒருத்தி காலையில், "நோட்ட வீட்டுக்கே அனுப்பிடுங்கக்கா, போட்டுத் தரேன்" என்றாள். கறையைக் காட்டி உன் கதையைச் சொன்னேன். மாலை வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். கேட்டைத் திறந்து வைத்து, தீர்மானத்தை இரண்டு மொழியிலும் படித்து முடித்தேன். முதலில் தூக்கிய கை அவளுடையது.

"எனக்குப் புரியலக்கா. மறுபடி படிங்க."

உன் திமிர் அப்படியே இருந்தது அவளிடம். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, முதல் வரியிலிருந்து மறுபடி படித்தேன்.