ராகவனின் மூன்றாவது கிளை

14.8.1979, செவ்வாய்.

இன்றைய தபாலில் வந்த ஆய்விதழில் ராகவனின் கட்டுரை இருக்கிறது. நேபாளத்தின் கிராந்தி மொழிகளை வகைப்படுத்தியிருக்கிறான். சொற்கள் அனைத்தும் எங்கள் தோட்டக் காவலாளி தன்பகதூரிடமும் அவருடைய பட்டாள நண்பர்களிடமும் ஆறு ஆண்டுகளாக நான் கேட்டு எழுதியவை. இரண்டு கிளைகள் என்ற முடிவும் என்னுடையது. கல்லூரித் தோழன் என்று நம்பி, கருத்துக் கேட்டு அனுப்பினேன். அடிக்குறிப்பில்கூட என் பெயர் இல்லை. தன் பங்காக மூன்றாவது கிளை ஒன்றைச் சேர்த்திருக்கிறான். அதற்கு ஆதாரம் நான்கே சொற்கள்.

மாலையில் தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதி முடித்துவிட்டு அவற்றைத் தன்பகதூருக்குப் படித்துக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார்.

"இது நாலும் எங்க பேச்சு இல்ல லா, கிராணி ஐயா. சம்சாரத்துக்கிட்ட கத்துக்கிட்டது. பழக்கத்துல உங்ககிட்ட சொல்லிட்டேன் போல."

அவர் மனைவி இந்த மலையிலேயே பிறந்த செமாய்ப் பழங்குடிப் பெண். நேபாளத்தைக் கண்ணால் பார்த்ததில்லை.

"கூட்டாளிக்கு உடனே கடுதாசி போடுங்க, ஐயா. படிச்சவங்க முன்னால அவருக்கு அசிங்கமாயிடும்."

ராகவன் இதை அடுத்த மாதம் ஒரு மாநாட்டில் வாசிக்கப்போவதாக இதழின் கடைசிப் பக்கம் சொல்கிறது. தன்பகதூரிடம், எழுதுவதாகச் சொன்னேன். இந்த நாட்குறிப்பைத் தவிர வேறெதையும் நான் எழுதப்போவதில்லை.