பழைய கருவி அனுப்பும் வணக்கம்

"பழசுல இருந்ததையெல்லாம் அழிச்சிட்டியாடி?" என்று அன்று கடையில் கேட்டாயே, கஸுஹா அக்கா. பின்னால் வரிசை நின்றது. கூச்சத்தில் தலையாட்டிவிட்டேன். நான் அழிக்கவில்லை.

மெல்லிய புது கேம் கருவி வாங்க, கடையில் மாற்றாகக் கொடுத்த அந்தப் பழைய தடிக் கருவியில் சுஸுனே என்ற என் பெயரும் நம் வீட்டுப் படங்களும் அப்படியே இருக்கின்றன. பக்கத்தில் வரும் கருவிகள் தாமாகவே வணக்கம் சொல்லிக்கொள்ளும் அல்லவா? மூன்று நாளாக, நான் வெளியே போகாமலே, என் புதுக் கருவிக்கு என் பெயரிலேயே வணக்கம் வருகிறது. இன்று, "தனியாவா இருக்கே?" என்று வந்தது.

அம்மாவின் சலவைக்கடைக்குப் போகிறேன். குளிர்பெட்டியில் சோற்றுருண்டை இருக்கிறது. இனி சாவியை மீட்டர் பெட்டியில் வைக்காதே. வந்து திட்டிக்கொள்.

பி.கு.: இதை மடிக்கும்போது அழைப்புமணி அடித்தது. "யாரு?" என்றேன். கதவுத்துளையில் பார்த்தால் சாம்பல் சட்டைக்காரர் ஒருவர். நம் கதவைப் படமெடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.