ஒரே ஓட்டு

டுவெயின்,

நேற்று நகர மன்றத்தில் கடைசி வரிசையில் நானும் இருந்தேன். பெண்ணோடு பெண், ஆணோடு ஆண் வாழ்கிறார்கள் என்பதற்காக வாடகை வீட்டைவிட்டுத் துரத்தக்கூடாது என்ற சட்டம் ஒரே ஓட்டில் தோற்றது. அது உன் ஓட்டு. "இந்த ஊர்ல யாரையாவது அப்படித் துரத்தியிருக்காங்களா? ஒருத்தரைக் காட்டுங்க பாப்போம்!" என்று சிரித்தாய்.

போன வசந்தத்தில் அதே காரணத்தைச் சொல்லி வீட்டுக்காரன் என்னையும் லொரெய்னையும் வெளியேற்றியபோது, எங்கள் சோபாவைத் தூக்கி வண்டியில் ஏற்றியது நீதான்.

கூட்டம் முடிந்ததும் வாசலில் தோளைத் தட்டினாய். "அரசியல் வேற, குடும்பம் வேறக்கா. வருஷாவருஷம் போல நன்றி நாள் விருந்துக்கு வந்துடு. லொரெய்ன் மட்டும் வேண்டாம், என் ஆளுங்க வருவாங்க."

வரமாட்டேன். உன் வார்டில் உன்னை எதிர்த்து நிற்க இன்று காலை மனு கொடுத்துவிட்டேன். அம்மாவிடம் நீயே சொல்லிக்கொள்.

உன் அக்கா