ஒன்பதாவது கேள்விக்கு நான் சொன்ன பதில்

அன்புள்ள ரேடியோவுக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் மணிக்கட்டு வலி கொஞ்சமாவது குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். உன் அக்கா வீட்டு முகவரியைப் பழைய செய்திகளில் தேடி எடுத்தேன். நாளுக்கு நாலு தடவை போன் பண்ணுகிறவள் எதற்குத் தாளில் எழுதுகிறாள் என்று உனக்குத் தோன்றும். போனில் சொல்லத்தான் பார்த்தேன். மூன்று முறை கூப்பிட்டேன். மூன்று முறையும் நீ "சொல்லுடி" என்றதும், பாப்பாவின் சளியைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். தாளில் என்றால் நீ குறுக்கே பேச முடியாது, நானும் பேச்சை மாற்ற முடியாது.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீ கிழித்துப் போட்டாலும் இது மட்டும் உன் கண்ணில் பட்டிருக்க வேண்டும். அந்தக் கார் இன்ஜினில் கை வைத்தது உன் வீட்டுக்காரர் இல்லை. நாங்கள்தான். உனக்கு விற்பதற்கு ஒன்றரை வருடம் முன்பே செய்தது. தான் செய்யவில்லை என்று அண்ணா உன்னிடம் சொன்னது முழுக்க உண்மை. நான் உன்னிடம் சொன்னதுதான் பொய்.

எனக்கு எட்டாவது மாதத்தில் நடந்தது உனக்குத் தெரியும். ரத்தம் பட்டிருக்கிறது என்று பதறியடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். மேம்பாலத்து ஏற்றத்தில் வண்டி ஏற மாட்டேன் என்று திணறியது. என் வீட்டுக்காரர் ஏசியை அணைத்தார், கியரை இறக்கினார், ஒன்றும் நடக்கவில்லை. பின்னால் ஒரு லாரி ஹாரனில் இருந்து கையை எடுக்கவே இல்லை. நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தோம், பயப்பட ஒன்றும் இல்லை என்று டாக்டர் அனுப்பிவிட்டார். ஆனால் இவருக்கு அந்த ஏற்றம் மனதை விட்டுப் போகவில்லை. அந்த வாரமே, கூட வேலை செய்கிறவர் சொன்ன ஒரு பட்டறைக்கு வண்டியை ஓட்டிப்போனார். வீட்டில் தனியாக இருக்கப் பயந்து நானும் போனேன்.

அங்கே ஒரு மெக்கானிக் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒயரைச் செருகி, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். ரீமேப் என்று பெயராம். எப்போது எவ்வளவு எரிபொருள் என்று இன்ஜினுக்கு உத்தரவு போடுகிற சின்னக் கணினி ஒன்று உள்ளே இருக்கிறது. அதில் கம்பெனி எழுதியதை எடுத்துவிட்டு வேறு எழுதுவது. ஒரு ஸ்க்ரூகூடக் கழற்றவில்லை. முடித்துவிட்டு என் வயிற்றைப் பார்த்து, "இனிமே டாக்டர் வர்றதுக்கு முன்னாடி நீங்க போய் உக்காந்திருப்பீங்க மேடம்" என்று சிரித்தார். இன்சூரன்ஸில் இதைச் சொல்ல வேண்டுமா என்று நான்தான் கேட்டேன். காதைச் சொறிந்துகொண்டே, "சொல்லணும்தான். சொன்னா பிரீமியம் கொஞ்சம் கூடும். சொல்லலன்னா வெளியில ஒண்ணும் தெரியாது" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. "சொல்லணும்தான்" என்றுதான் ஆரம்பித்தார். நான் பின்பாதியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

எங்கள் வீட்டில் படிவம் என்றாலே என் தலையில்தான். ஹாஸ்டலில் இருபது பேருக்கு நான் எழுதிக்கொடுத்ததும், நீ எனக்குக் குமாஸ்தா என்றும், ஓயாமல் பேசுகிற உனக்கு நான் ரேடியோ என்றும் பேர் வைத்ததும் இவருக்கும் தெரியும். பாப்பா பிறந்து இருபதாம் நாள் இன்சூரன்ஸ் புதுப்பிக்கச் சொல்லி வந்தது. தையல் வலி, பால் கட்டிக்கொண்ட வலி, தூக்கம் இல்லை. "வண்டியில் மாற்றம் ஏதேனும் செய்யப்பட்டுள்ளதா" என்ற கேள்விக்கு, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று "இல்லை" போட்டேன். அடுத்த வருடம் தையல் வலியும் இல்லை, ஒன்றும் இல்லை. அப்போதும் "இல்லை"தான் போட்டேன். ஒரு தடவை போட்ட பிறகு, மாற்றிப் போட்டால் போன வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று பயம்.

(நடுவில் பாப்பா எழுந்துவிட்டாள். இப்போது மறுநாள் மதியம்.)

அடுத்தது எழுதத்தான் கை வரவில்லை. வண்டியை ஏன் விற்றோம் என்று நீ கேட்டபோது, பாப்பா சீட் வைத்தால் பின்னால் இடம் போதவில்லை என்றேன். இடம் தாராளமாகத்தான் இருந்தது. ஒருநாள் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் வண்டியை எடுக்கும்போது ஆக்சிலரேட்டரில் காலை லேசாகத்தான் வைத்தேன், அது பாய்ந்துவிட்டது. தூணுக்கு ஒரு சாண் தள்ளி நிறுத்தினேன். பாப்பா பின்சீட்டில் கைதட்டிச் சிரித்தாள், விளையாட்டு என்று நினைத்து. அன்றைக்கே இவரிடம் சொல்லிவிட்டேன், இந்த வண்டி எனக்கு வேண்டாம் என்று. என் பிள்ளைக்கு வேண்டாம் என்று நினைத்ததைத்தான் நான் உனக்குக் கொடுத்தேன்.

வேறு யாராவது வாங்கியிருந்தால் இவ்வளவு உறுத்துமா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். உறுத்தாது என்றுதான் தோன்றுகிறது, அதுவும் வெட்கமாக இருக்கிறது. நீதான் வந்தாய். "விக்கிறதா இருந்தா எனக்கே குடு, தெரிஞ்ச வண்டி" என்றாய். நீ ஓட்டிப் பார்த்துவிட்டு, "இது என்னடி, நான் யோசிக்கிறதுக்கு முன்னாடியே கிளம்புது" என்றாய். ஸ்கூட்டர் ஓட்டிப் பழகினவளுக்கு எல்லாக் காரும் அப்படித்தான் இருக்கும் என்று நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய்.

இன்ஜின் கணினியில் பழையதைத் திரும்ப எழுத இருபது நிமிடம் போதும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். சனிக்கிழமை போகலாம் என்று வைத்திருந்தோம். வெள்ளிக்கிழமை ராத்திரி பாப்பாவுக்குக் காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனீர்கள். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. திங்கட்கிழமையும் இருந்தது. போனும் இருந்தது.

அந்தத் திங்கட்கிழமைதான் நீ கூப்பிட்டாய், இன்சூரன்ஸ் படிவத்தை நீயே சொல்லிக்கொடு என்று. ஒவ்வொரு கேள்வியாக நீ வாசித்தாய், நான் பதில் சொன்னேன். ஒன்பதாவது கேள்வி. "தயாரிப்பு நிலையிலிருந்து மாற்றம் ஏதேனும் உண்டா. இதுக்கு என்னடி போட?" என்றாய். "என்ன சத்தத்தையே காணோம்" என்று நீ கேட்டாய். பாப்பா ஒயரை இழுக்கிறாள் என்றேன். அவள் அப்போது தூங்கிக்கொண்டிருந்தாள். பிறகு, "இல்லைன்னு போடு" என்றேன். நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "பத்தாவது கேள்வி" என்று வாசிக்க ஆரம்பித்துவிட்டாய்.

நீ பையனைப் பள்ளியில் இருந்து அழைத்துவரப் போகிற வழியில், மழையில் அந்தத் திருப்பத்தில் வண்டி பாய்ந்து சுவரில் மோதியது, உன் மணிக்கட்டு முறிந்தது என்று கேட்டபோது, முதலில் எனக்கு உன் கைகூட ஞாபகம் வரவில்லை. வரும் வழியில் நடந்திருந்தால் பின்சீட்டில் அவன் இருந்திருப்பான் என்பதுதான் வந்தது. இப்போதும் பாப்பாவுக்குச் சோறு ஊட்டும்போது கை பாதியில் நின்றுவிடுகிறது.

அதற்குப் பிறகாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து இன்ஜின் கணினியைப் படித்துப் பார்த்து, தெரிவிக்காத மாற்றம் இருக்கிறது, பணம் தர முடியாது என்று கம்பெனி எழுதியபோது நீ அழுதுகொண்டே கூப்பிட்டாய். உன் வீட்டுக்காரருக்கு டயர் கடையில் வேலை, வீல் அலைன்மென்ட் பார்க்கிறவர், சுற்றியிருப்பவர்கள் எல்லாம் மெக்கானிக். கல்யாணத்துக்கு முன்னால் பைக் சைலன்சரை மாற்றித் தெருவையே எழுப்பியவர். வேறு யார் செய்திருப்பார் என்றாய். அவர் பையன் மேல் சத்தியம் பண்ணுகிறார், அதுதான் தாங்கவில்லை என்றாய். அதற்கு நான் சொன்னதை நீ மறந்திருக்க மாட்டாய். "ஆம்பளைங்க அப்படித்தான், பண்ணிட்டு பண்ணலைன்னு நிப்பாங்க, நீ மனச விட்டுடாதே" என்றேன். உனக்கு ஆறுதல் சொன்னதாக அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். நான்காம் நாள் நீ பையனைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாய். அது ஆகி நாற்பது நாள்.

போன வியாழக்கிழமை டயர் கடைக்குப் போன் பண்ணினேன். அண்ணாதான் எடுத்தார். முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டேன், இல்லாவிட்டால் சொல்லியிருக்க மாட்டேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். "பாப்பாவுக்குச் சளி சரியாயிடுச்சாம்மா? அவ ஒருதடவை போன்ல சொன்னா" என்று கேட்டார். நானே உன்னிடம் சொல்லட்டுமா, அவர் சொல்கிறாரா என்று கேட்டதற்கு, "நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா, தப்பிக்கிறதுக்கு உங்க பேரை இழுக்கிறேன்னு நினைப்பா. இப்போ நான் எது சொன்னாலும் அப்படித்தான் நினைக்கிறா" என்றார். கோபமே இல்லை அந்தக் குரலில். களைத்துப்போயிருந்தது.

இவருக்கும் எனக்கும் இரண்டு நாள் சண்டை. எழுதிக்கொடுத்தால், இரண்டு வருடம் பொய்க் கையெழுத்து போட்டது நாம்தான் என்று ஆகிவிடும், இனி எந்தக் கம்பெனியிலும் நம்மைச் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள் என்றார். அது சரிதான். மூன்றாம் நாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது பட்டறை ரசீதை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். தேதியும் வண்டி எண்ணும் தெளிவாக இருக்கின்றன.

அந்த ரசீதும், நான் கையெழுத்துப் போட்ட இரண்டு பக்கமும் இதோடு இருக்கின்றன. மாற்றம் எப்போது, எங்கே செய்தது, விற்கும்போது உங்களிடம் மறைத்தது, உன் படிவத்தில் "இல்லை" போடச் சொன்னது நான்தான் என்பது, எல்லாம் எழுதியிருக்கிறேன். ஒரு பிரதி கம்பெனிக்கு நேற்றே அனுப்பிவிட்டேன், நீ வேண்டாம் என்று சொல்ல வழி இருக்கக்கூடாது என்று. அங்கே இருக்கும் பெண்ணிடம் கேட்டேன். வாங்கியவருக்குத் தெரியாது என்று நிரூபித்தால் மறுபடி பரிசீலிப்போம், ஆனால் உறுதி சொல்ல முடியாது என்றாள். அவர்கள் தராவிட்டால் நாங்கள் தருகிறோம். அதைப் பற்றி இங்கே பேச மாட்டேன்.

எனக்கு மன்னிப்பு வேண்டும் என்று எழுத வந்தேன், எழுதும்போது அது முக்கியம் இல்லை என்று தெரிந்துவிட்டது. என்மேல் உனக்குக் கோபம் எவ்வளவு நாள் இருக்கிறதோ அவ்வளவு நாள் இருக்கட்டும். என் போனை எடுக்காதே, சரி. ஆனால் என்மேல் வர வேண்டிய கோபம் நாற்பது நாளாக அவர்மேல் இருக்கிறது. அதை மட்டும் இன்றைக்கு அங்கிருந்து எடுத்துவிடு. பையனிடமும் சொல்லிவிடு, அப்பா பொய் சொல்லவில்லை என்று. அவன் அந்தச் சத்தியத்தைக் கேட்டிருப்பான்.

இந்தத் தாள் உன் கைக்கு வரும்போது மாலையாக இருந்தால் டயர் கடை திறந்திருக்கும், அண்ணாவைக் கூப்பிடு. கட்டுப் போட்ட கையோடு நீ போன் எண்ணைத் தட்ட வேண்டாம், பையனைத் தட்டச் சொல். கை நல்லபடியாகக் கூடட்டும். நீங்கள் மூன்று பேரும் ஒரே வீட்டில் சாப்பிட்டுத் தூங்குங்கள். அது நடந்ததா என்று எனக்கு யாரும் தெரிவிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உன்னிடம் "இல்லை" என்று சொன்னவள்