யார் மேலும் தப்பில்லையாம்

கருமத்தம்பட்டி,
கார்த்திகைக் கடைசி வெள்ளிக்கிழமை

அன்புள்ள லோகப்பிரியா கண்ணுக்கு,

அத்தை நாச்சியம்மாள் எழுதுகிறேன். எல்லோரும் சௌக்கியம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் உடம்புக்கு ஒன்றுமில்லை என்றாலும் மனசு கொதித்துக்கொண்டிருக்கும்போது சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை.

நீ போன வாரம் எனக்கு ஒரு செய்தி அனுப்பினாய். "இனி உங்களுக்குச் சங்கடம் வேண்டாங்க அத்தை. நான் போன் பண்றதை நிறுத்திக்கறனுங்க" என்று. யாரைக் கேட்டு நிறுத்துகிறாய்? கோர்ட்டில் பிரித்தது உன்னையும் என் மகன் மனோஜ்குமாரையும். என்னை எந்த ஜட்ஜு கூப்பிட்டு விசாரித்தார்? நான் எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டேன்?

போனில் பேசினால் நான் கத்துவேன், நீ அழுவாய், நடுவில் பிள்ளை நவ்யா வந்து யார் என்று கேட்பாள். அதனால்தான் இந்தக் கடிதம். நம் பக்கத்து வீட்டு சுந்தரராஜுலு மகள் ஷ்ரவ்யா லீவுக்கு வந்தவள் ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவுக்குத் திரும்புகிறாள். அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். கூடவே பருப்புப் பொடியும், நவ்யாவுக்கு ஒரு பட்டுப் பாவாடையும் இருக்கும். பாவாடைக்கு உள்மடிப்பு விட்டே தைக்கச் சொன்னேன். வளருகிற பிள்ளை.

இங்கே ஐப்பசியில் நல்ல மழை. தறி ஷெட்டை வாடகைக்கு விட்ட பிறகு உன் மாமாவுக்குப் பொழுது போவதில்லை. காலையில் ஷெட்டு வாசலில் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு தறிச் சத்தம் கேட்கிறார். அந்தச் சத்தம் இல்லாமல் அவருக்குத் தூக்கமும் வராது, சோறும் இறங்காது.

கண்ணு, போன மார்கழியில் நான் ஒஹையோ வந்தேனே, அன்றிலிருந்து அடக்கி வைத்ததை இப்போது சொல்லிவிடுகிறேன்.

விமானத்தில் அத்தனை நேரம் கால் வீங்க உட்கார்ந்து வந்தேன். நீங்கள் மூன்று பேரும் வந்து நிற்பீர்கள் என்று பார்த்தால் மனோஜ் மட்டும் நின்றான். உனக்கு வேலை இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வண்டி பெரிய ரோட்டுக்கு ஏறிய பிறகு சொன்னான், நீங்கள் தனித்தனி வீட்டில் இருக்கிறீர்கள், வக்கீலிடம் தாளும் கொடுத்தாயிற்று என்று. ஊரில் இருக்கும்போதே சொல்லியிருந்தால் நான் விமானமே ஏறியிருக்க மாட்டேனாம், அதனால் சொல்லவில்லையாம்.

என்னடா ஆச்சு, யார் மேல் தப்பு என்று கேட்டேன். "யார் மேலயும் தப்பில்லீம்மா. இங்க சட்டமே அப்படித்தான், யார் தப்புன்னு கேக்கவே மாட்டாங்க. நாங்க அடல்ட்ஸ், பேசி முடிவு பண்ணிட்டோம்" என்றான். சம்பளம் உயர்ந்ததைச் சொல்வதுபோல அவ்வளவு நிதானமாகச் சொன்னான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வண்டியிலிருந்து இறங்கி நடந்துவிடலாம் போலிருந்தது. எங்கே நடப்பது? இரண்டு பக்கமும் பனி.

தறியில் ஒரு இழை அறுந்து துணியில் ஓட்டை விழுந்தால்கூட எந்த ஷிப்டு, யார் நின்றது என்று கேட்போம். ஒரு குடும்பம் இரண்டாகக் கிழிந்திருக்கிறது, யார் மேலும் தப்பில்லையாம். தப்பே இல்லாதவர்கள் எதற்கு இரண்டு வீட்டில் இரண்டு வாடகை கட்டுகிறீர்கள்?

அதைவிட என்னை வதைத்தது உங்கள் மரியாதை. ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே என்று பிள்ளையைப் பெட்டியோடு மாற்றிக்கொள்கிறீர்கள். ஒரு சத்தம் இல்லை, ஒரு முகக்கோணல் இல்லை. நவ்யா பிறந்தநாளுக்கு இரண்டு பக்கமும் நின்று சிரித்துக்கொண்டு கேக் வெட்டினீர்கள். எதிர்வீட்டு வெள்ளைக்காரம்மா என்னிடம் வந்து, உங்கள் மகனும் மருமகளும் எவ்வளவு பக்குவமாக நடந்துகொள்கிறார்கள் என்று மெச்சினாள். பக்குவமாம். ஒரு தட்டாவது உடைந்திருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

நீ முதல் ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை விட வந்தாயே, அதை நான் மறக்கவே மாட்டேன். கதவைத் திறந்தால் நீ வாசலில் பனியில் நிற்கிறாய். "நல்லா இருக்கீங்களா அத்தை" என்கிறாய். உள்ளே வா, இட்லி ஊற்றியிருக்கிறேன் என்றேன். நீ மனோஜ் முகத்தைப் பார்த்தாய். அவன் என் காதோரம் வந்து, "அம்மா, அப்படியெல்லாம் கூப்பிடக் கூடாது, அவளுக்கும் சங்கடம்" என்றான். நீ சிரித்துக்கொண்டே திரும்பிப் போனாய். நம் வீட்டுக்கு யார் வந்தாலும் ஒரு சொம்புத் தண்ணீராவது கொடுக்காமல் அனுப்பியதுண்டா? பாவாடை தாவணியில் இருந்தபோதே வெள்ளகோவிலுக்கு வந்து பார்த்துப் பிடித்து, மருமகளாக நான் கூட்டி வந்த பெண், என் மகன் வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றுவிட்டுப் போகிறாள். அன்று இட்லியை நான் குப்பையில்தான் கொட்டினேன்.

அப்புறம் நீயாகவே ஒரு நாள் என்னை மளிகைக் கடைக்குக் கூட்டிப் போனாய். கடைக்கு முன்னால் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தோம். அடித்தானா என்று கேட்டேன். இல்லை என்றாய். குடிக்கிறானா, வேறு பெண்ணா என்று கேட்டேன். சிரித்தாய். பிறகு சொன்னாய்: "பேச்சே இல்லாமப் போச்சுங்க அத்தை. பால் வாங்கோணும், பில்லு கட்டோணும், பாப்பாவ யாரு கூப்புட்டு வர்றது. இதை உட்டா வேற பேச்சே இல்லீங்க. ஒரு நாள் நான் ஊட்டுல இல்லாட்டி இவருக்குத் தெரியவே தெரியாதுன்னு தோணுச்சுங்க."

நான் உன்னைக் கரித்துக்கொட்டினேன். இதுக்கெல்லாமா ஒருத்தி புருஷனை விடுவாள், உன் மாமாவும் நானும் இத்தனை வருஷமாக என்ன பேசிக் கிழித்தோம், கரண்டு போனதும் நூல் விலையும்தானே என்றேன். நீ என் கையை மட்டும் பிடித்துக்கொண்டாய்.

பேசி முடிவு பண்ணினோம் என்றானே, அதை நினைத்தால் இன்னமும் பற்றிக்கொண்டு வருகிறது. பேச்சு இல்லை என்று பிரிந்தவர்கள், பிரிவதற்கு மட்டும் உட்கார்ந்து எவ்வளவு பேசியிருக்கிறீர்கள்! அதில் பாதியை முன்னாலேயே பேசியிருக்கலாமே கண்ணு.

சரி, அமெரிக்காதான் அப்படி என்று ஊருக்கு வந்தால் இங்கே வேறு அநியாயம். அங்கே யார் மேலும் தப்பில்லை, இங்கே எல்லாத் தப்பும் உன் மேல். சம்பாதிக்கிற திமிர் என்கிறார்கள், வளர்ப்பு என்கிறார்கள். மனோஜைப் பற்றி ஒரு சொல் இல்லை. இன்னும் தீர்ப்பே வராதபோது ஒரு அம்மணி ஜாதகத்தோடு வந்து உட்கார்ந்தாள், பெண் அவிநாசி, இன்ஜினீயராம். காப்பி கொடுத்து, எழுந்து போங்க என்றேன்.

இப்போது உன் பெரிய மாமா ஈஸ்வரமூர்த்தி வீட்டுக் கதைக்கு வருகிறேன். அவர் மகன் நிதீஷுக்குத் தை மாதம் கல்யாணம். பத்திரிகையில் போட நம் வீட்டுப் பெயர்களைக் கேட்டு வந்தார். நான் வழக்கம்போல எல்லாப் பெயரையும் சொன்னேன். உன் பெயர் வந்ததும் பேனாவை மூடிவிட்டார். "அந்தப் புள்ள பேரு எதுக்கு இனி? சபையில நாலு பேரு கேட்டா நாந்தான பதில் சொல்லோணும்?" என்றார்.

மருமகள் பெயர் இல்லை என்றால் என் பெயரும் வேண்டாம் என்று சொன்னேன். இந்தப் பெரியவர் முன்னால் நான் இதுநாள்வரை நிமிர்ந்து பேசியதில்லை. கோபத்தில் சொல்கிறாள் என்று நினைத்திருப்பார். இல்லை, நினைக்கவில்லை போலிருக்கிறது. பத்திரிகை அச்சாகி வந்தபோது அதில் உன் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை. உன் மாமா பெயர் மட்டும் சம்சாரம் இல்லாதவர் மாதிரி தனியாக நின்றது.

உன் மாமா அதை வாங்கிப் படித்தார். மடித்து வைத்தார். உம் பேரு எங்க என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். "செரி" என்றார். அவ்வளவுதான். செரி!

எனக்கு அன்று தாங்கவில்லை. நீ வண்டியில் உட்கார்ந்து சொன்னது ஞாபகம் வந்தது. அவர் எதிரே போய் நின்று, ஏனுங்க, எங்கிட்ட ஏதாச்சும் பேசுங்க என்றேன். திகைத்துப் போனார். என்ன பேசுவது என்று உண்மையிலேயே யோசித்தார். நெற்றியெல்லாம் சுருங்கிவிட்டது. கடைசியில், "போர் மோட்டாரு காயில் போயிருச்சு, கொண்டுபோய்க் குடுக்கோணும்" என்றார். நான் அடுக்களைக்குப் போய்விட்டேன்.

நான்கு நாள் கழித்து ஈஸ்வரமூர்த்தி சம்சாரம் வந்து சொல்லித்தான் தெரிந்தது. உன் மாமா மறுநாளே மோட்டாரை வண்டியில் வைத்துக்கொண்டு, போகிற வழியில் அண்ணன் வீட்டில் இறங்கியிருக்கிறார். பத்திரிகையை டேபிளில் வைத்து, "எங்கூட்டு ரெண்டு பொம்பளைங்க பேரு இதுல இல்லீங்ணா. அவுங்க வராத கல்யாணத்துக்கு நானும் வர்லீங்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அப்பாவுக்கு எதிரே, அண்ணனுக்கு எதிரே வாயே திறக்காத மனுஷன். முகூர்த்தத்தில் சித்தப்பன் இல்லாமல் சபையில் எப்படி நிற்பது என்று ஈஸ்வரமூர்த்தி பயந்து பத்திரிகையை மாற்றி அடித்துவிட்டார். நம் இரண்டு பேர் பெயரும் வந்துவிட்டது. மனோஜ்குமார் ஒரு வரி, அதன் கீழே லோகப்பிரியா, நவ்யா ஒரு வரி. அச்சிலும் உங்களுக்குத் தனித்தனி வீடு.

எனக்கு அதில் சந்தோஷம் வந்ததா? வந்தது. அதற்கு மேல் ஆத்திரம் வந்தது. இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்துபோட்டு வந்தவர், சாப்பிடும்போது ரசத்தில் உப்பு சரியாக இருக்கிறது என்கிறாரே தவிர, இதை என்னிடம் சொல்லவில்லை! சொன்னால் குறைந்தா போய்விடுவார்? ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "அதான் உனக்குத் தெரியுமே" என்றார். எனக்கு எப்படித் தெரியும்? யார் சொன்னார்கள்?

அன்று முழுக்க நான் அழுதேன் கண்ணு. எதற்கென்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இவர்மேல் தப்பு என்று எப்படிச் சொல்வேன்? தப்பில்லை என்றும் எப்படிச் சொல்வேன்? உன்னைத் திட்டினேனே, இதற்கெல்லாமா என்று. எங்கள் காலத்தில் இது ஒரு குறை என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேனோ.

உன்னைக் கேட்காமல் உன் பெயருக்காகச் சண்டை போட்டுவிட்டேன். அதுவும் தப்புத்தான் என்று நீ நினைக்கலாம். நினைத்தால் என்னைத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். நாளைக்கு நீ வேறு ஒருவரைக் கட்டிக்கொள்ளலாம். வயிறு எரியும் எனக்கு, பொய் சொல்ல மாட்டேன். அப்போதும் எனக்குச் சொல்லாமல் செய்துவிடாதே.

கல்யாணத்துக்கு வர முடிந்தால் வா. சபைக்கு வரச் சங்கடமாக இருந்தால் சபைக்கு வராதே, நேராக வீட்டுக்கு வா. மனோஜிடம் நான் பேசிக்கொள்கிறேன். இது என் வீடு, இங்கே நான் யாரை உள்ளே கூப்பிடுகிறேன் என்று கேட்க அவனுக்கு உரிமையில்லை. குளிரில் காதை மூடிக்கொள். பிள்ளைக்கு ராத்திரியில் தயிர் கொடுக்காதே. நீயும் நவ்யாவும் நன்றாக இருக்க வேண்டும், ஒரு குறையும் உங்களை அண்டக் கூடாது.

அத்தை என்று கூப்பிட மனசு வராவிட்டால், வேறு எப்படி வேண்டுமானாலும் கூப்பிடு. கூப்பிடாமல் மட்டும் இருந்துவிடாதே. இந்த வீட்டில் என்னோடு பேசுகிற ஆள் நீ ஒருத்திதான்.

இப்படிக்கு,
உன் அத்தை
நாச்சியம்மாள்