எப்படியாவது

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உடம்புக்கு எல்லோரும் நன்றாகவே இருக்கிறோம். மனசைப் பற்றிக் கேட்காதே. உன் மனைவிக்கு முழங்கால் வலி தேவலையா? போனில் மனம்விட்டுப் பேசலாமென்றால் உன் அத்தான் பக்கத்திலேயே நிற்கிறார். அதனால்தான் இந்தக் கடிதம்.

நிலக்கரி கொண்டுவர ரயில்வே ஏற்றிய கட்டணத்தை எதிர்த்து நாங்கள் போட்ட மனு ஏன் தள்ளுபடியானது என்று அன்றைக்கு நீ சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் சுண்ணாம்புச் சூளையைப் பார்த்துத்தான் சொன்னார்களோ என்னவோ. இங்கே வருவது ஒரே தண்டவாளம். அவர்கள் கேட்டதைக் கொடுக்காமல் எங்கே போவது? வேறு வழியே இல்லாதவர்களின் புகாரை மட்டும்தான் உங்கள் கட்டண ஆணையம் விசாரிக்கும் என்றாய். எங்களைவிட வழியற்றவர்கள் யார் என்றுதான் நானும் தைரியமாக இருந்தேன்.

உன் அத்தான் விசாரணையில் என்ன செய்திருக்கிறார் பார். ரயில் இல்லையென்றால் என்ன செய்வீர்கள் என்று அதிகாரி கேட்க, எப்படியாவது கொண்டுவந்து சேர்த்துவிடுவோம் ஐயா என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கிறார். மாற்று வழி உண்டு என்று எழுதி முடித்துவிட்டார்கள். மழை பெய்தால் லாரி அச்சு வரை புதைகிற அந்தச் சாலைதான் மாற்று வழியாம்! எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நாலு பேர் முன்னால் முடியாது என்று சொல்ல அவருக்கு என்றைக்குமே நாக்கு எழாது. காற்றில் கூரை பறந்தபோதும் எப்படியாவது என்றார், எப்படியோ கூரை போட்டார். அந்த வார்த்தையை நம்பித்தானே நாங்களும் இத்தனை காலம் பிழைத்தோம்.

சூளைக்குக் கரி போடுவதை நிறுத்தியாயிற்று. உள்ளே இருப்பது எரிந்து தீர்ந்தால் தானே அணைந்துவிடும். வேலையாட்கள் இன்னும் வருகிறார்கள், உட்கார்ந்திருந்துவிட்டுப் போகிறார்கள். வர வேண்டாம் என்று சொல்ல எங்கள் இருவருக்குமே வாய் வரவில்லை.

அந்த ஆணையத்திலேயே வேலை பார்த்தும் ஒன்றும் செய்ய முடியவில்லையே என்று அழுதாய். சட்டம் உன் கையிலா இருக்கிறது? உன்மேல் எனக்கு வருத்தமில்லை.

ஒன்றே ஒன்று. அன்றைக்கு நான் சரியாகத்தானே பேசினேன் என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் கேட்கிறார். நன்றாகப் பேசினீர்கள் என்கிறேன். நீ வரும்போது உன்னிடமும் கேட்பார். உனக்குப் பொய் வராது, தெரியும். இந்த ஒரு பொய்யை மட்டும் அக்காவுக்காகச் சொல்லிவிடு. நீயும் பிள்ளைகளும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா