அப்பா உடைத்த நோன்பு

அன்பு மகளே,

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாம இருக்கணும்னு வேண்டிக்கிட்டே எழுதுறேன், நாங்களும் நல்லா இருக்கோம்னு இந்தத் தடவை எழுத கை வரலம்மா. அப்பாவோட கால் புண் ஆறவே இல்ல, சுண்டுவிரல் கறுத்துப்போச்சு. சர்க்கரை இப்படியே இருந்தா விரலோட நிக்காது, பாதத்தையே எடுக்க வேண்டியிருக்கும்னு டாக்டர் முகத்துக்கு நேரா சொல்லிட்டார். அதனாலதான் தவக்காலம் தொடங்குற சாம்பல் புதன் அன்னைக்கு நெத்திச் சாம்பல் கலையறதுக்குள்ள, ஈஸ்டர் வரைக்கும் இனிப்பைத் தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணினார். நம்ம பேக்கரியில நாள் முழுக்க கேக் சுடுறவர் இனிப்பைத் தொடாம என்ன செய்வார்?

கொஞ்ச நாள் ஒரே வீறாப்பு, டீக்குச் சர்க்கரை கேட்ட பக்கத்து வீட்டு அத்தைக்கே உபதேசம். அப்புறம் பெரிய பிறந்தநாள் கேக்குக்கு ஒரு ஆர்டர் வந்துச்சு. க்ரீம் பதம் பார்க்க ஒரு விரல் நக்கியிருக்கார், மறுபடி ஒரு விரல், நான் பேக்கரிக்குள்ள போனப்போ அடுப்புக்குப் பின்னால தரையில உட்கார்ந்து கிண்ணத்தையே வழிச்சுக்கிட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால ஒளிச்சார்டி. எனக்குச் சண்டை போடக்கூடத் தெம்பில்ல. அன்னைக்கிலிருந்து மாத்திரையும் இல்ல, கோயிலும் இல்ல, உடைஞ்சது உடைஞ்சாச்சு கால் போனா போகட்டும்னுட்டார்.

போன வெள்ளிக்கிழமை அழுது மன்றாடி கோயிலுக்கு, சிலுவைப்பாதை ஜெபத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். இயேசு சிலுவையோட இரண்டாம் முறை விழுகிற படத்துக்கு முன்னால எல்லாரும் முட்டி போட்டாங்க, இவருக்குக் கால் மடங்கல, நின்னபடியே குலுங்கி அழுதார். வீட்டுக்கு வந்து, என்னால முடியும்னு வீம்புக்குத்தான் சத்தியம் பண்ணினேன், தனியா நின்னா விழுந்துடுவேன், இனிமே பதம் பார்க்கிறது உன் வேலைன்னார். இப்போ க்ரீமை நான்தான் ருசி பார்க்கிறேன், அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்னு, இனிப்பு போதுமா, பதம் சரியான்னு கேட்கிறார். நேத்து ஆசை தாங்காம என் கையை இறுக்கிப் பிடிச்சதுல நகம் பதிஞ்சிருக்கு. ஆனா கிண்ணத்தைத் தொடல. சர்க்கரை இன்னும் இறங்கலம்மா. அடுத்த வாரம் பார்த்துட்டுத்தான் விரலா பாதமான்னு சொல்வாங்களாம். எனக்குப் பயமா இருக்கு, யார்கிட்ட சொல்வேன்.

போன் பண்ணினா அவரைத் திட்டாதே, தினமும் தன்னைத்தானே திட்டிக்கிறார். நீ வேளைக்குச் சாப்பிடு, ஜெபத்தை விடாதே. ஆண்டவர் உங்க ரெண்டு பேரையும் கண்ணுக்குள்ள வச்சுக் காப்பாத்தட்டும். ஈஸ்டருக்கு வழக்கம்போல சாக்லேட் டப்பா அனுப்பிடாதே. முடிஞ்சா நீ வா.

உன் வரவுக்கு ஏங்குற,
அம்மா